இறங்குதுறையில் கிடைக்கும் கேஸ் ஸ்டடி

அத்தியாயம் 5

தொகுப்பில் நல்ல படங்கள் இருந்தும் நேர்முகத்துக்கு அழைப்பு வருவதில்லை என்று டிசைன் படித்த இளைஞர்கள் பலர் கவலைப்படுகிறார்கள். அவர்களுடைய தொகுப்பைத் திறந்தால் காரணம் விளங்கிவிடும். முதலில் ஒரு லோகோ இருக்கும். அதே லோகோ ஒரு கோப்பையின் மேல் இருக்கும், பிறகு ஒரு கடைப் பலகையில் இருக்கும். அடுத்த பக்கத்தில், உலகமெல்லாம் பயன்படுத்தும் ஒரு பாட்டுச் செயலிக்குப் புதிய தோற்றம். எல்லாமே முடிந்த பொருள்கள். இதை யாருக்காகச் செய்தார், ஏன் இப்படிச் செய்தார், வேறு எதைச் செய்துபார்த்து விட்டுவிட்டார் என்பதற்கு ஒரு வரிகூட இராது.

உங்களை வேலைக்கு எடுப்பவர் தரப்போவது நீங்கள் இதுவரை செய்யாத வேலை. அதில் நீங்கள் எப்படித் தீர்மானிப்பீர்கள் என்று அறிய அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி, முன்பு ஒரு வேலையில் எப்படித் தீர்மானித்தீர்கள் என்பதுதான். அந்தச் சாட்சியை ஒழுங்காக எழுதி, படங்களுடன் வைப்பதே கேஸ் ஸ்டடி. நல்ல கேஸ் ஸ்டடியைப் படித்து முடித்தவர் உங்கள் வேலையைப் பற்றி எதிர்க்கேள்வி கேட்கும் அளவுக்கு அதற்குள் வந்துவிடுவார். நேர்முகம் அங்கேயே தொடங்கிவிடும்.

இந்த அத்தியாயம் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில், கரம்பொன் என்ற ஊரில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ இருந்தால்தான் பேர் சொல்லும் வேலை கிடைக்கும் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் உள்ள சிக்கல்தான் மிக உறுதியான கேஸ் ஸ்டடியைத் தரும். அதைப் பயன்படுத்தும் மனிதரை நீங்கள் நேரில் பார்க்கலாம், திரும்பப் போய் மீண்டும் பார்க்கலாம். பாட்டுச் செயலிக்குப் புது முகம் வரைபவருக்கு அந்த வசதி இல்லை.

1578இன் கடைசிப் பக்கம்

முந்தைய முயற்சியையும் பிந்தைய முயற்சியையும் சேர்த்துக் காட்டுவது தமிழ் அச்சின் தொடக்கத்திலேயே இருக்கிறது. அதை நமக்குத் தெரியவைத்ததில் கரம்பொனுக்கும் பங்குண்டு. 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி இவ்வூரில் பிறந்த தனிநாயகம் அடிகள், 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சுநூல்களையும் ஏடுகளையும் தேடிப் பார்த்து, அவற்றைப் பற்றி எழுதினார். 1679இல் அச்சான அந்தாம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் பிரதியிலிருந்து 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

அவர் ஆராய்ந்த தொடக்ககால அச்சுநூல்களில் ஒன்று ‘தம்பிரான் வணக்கம்’. அன்றிக்கே அடிகளார் தமிழாக்கி, 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்க நூல் அது. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்றும் பிரதி கிடைக்கும் நூல்களில் அதுவே மிகப் பழையது. டிசைன் படிப்பவர் கவனிக்க வேண்டியது அதன் கடைசிப் பக்கத்தை. 1577இல் கோவாவில் ஜோவாம் கொன்சால்வஸ் வார்த்த தமிழ் எழுத்தும், 1578இல் கொல்லத்தில் ஜோவாம் தெ ஃபாரியா வார்த்த தமிழ் எழுத்தும் அந்த ஒரே பக்கத்தில் மாதிரியாக அச்சிடப்பட்டுள்ளன.

புதிய எழுத்து கைக்கு வந்தபின் பழையதை மறைத்திருக்கலாம். இரண்டையும் வைத்தார்கள். எது எங்கே, எந்த ஆண்டில் ஆனது என்று இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது அதனால்தான். முந்தைய வடிவம், பிந்தைய வடிவம், இடம், காலம் என்ற நான்கும் அங்கே இருக்கின்றன. இவற்றோடு மாற்றத்துக்கான காரணத்தையும் சேர்த்தால் நீங்கள் எழுத வேண்டிய கேஸ் ஸ்டடி கிடைத்துவிடும். எனவே இன்றிலிருந்து எந்த வேலையிலும் பழைய வரைவுகளை அழிக்காதீர்கள். ஒவ்வொரு வரைவுக்கும் திகதி போட்டுத் தனிக் கோப்புறையில் வையுங்கள். கடதாசியில் கீறியதையும் போனில் படமெடுத்து அதே கோப்புறையில் போடுங்கள்.

எந்த வேலையை எடுப்பது

தீவகத்தில் டிசைனருக்கு வேலை நிறையக் கிடக்கிறது. சில எடுத்துக்காட்டுகள்:

- ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும் ‘பாதை’ என்ற மிதவைப் படகின் நேர அறிவித்தல்.
- ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவு, எழுவைதீவு போகும் படகுகளின் தகவல் பலகை.
- குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போவோரையும் நெடுந்தீவுக்குப் போவோரையும் குழப்பமின்றிப் பிரித்துவிடும் வழிகாட்டல். நாகபூசணி அம்மன் கோயில் ஆனித் திருவிழாக் காலத்தில் இது எவ்வளவு பெரிய வேலை என்பது நேரில் நின்றவருக்குத் தெரியும்.
- ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி போன்ற பனம்பொருள்களுக்கான பொதியும் லேபிளும்.
- பாடசாலைப் பழைய மாணவர் சங்க மலரின் பக்க அமைப்பு.
- கிராமத்து மருந்தகத்தில், எந்த மருந்தை எப்போது எடுப்பது என்று வயதானவருக்கு விளங்கும்படியான உறை.

எதைத் தெரிவு செய்தாலும் மூன்று கேள்விகளுக்கு ‘ஓம்’ என்று விடை வர வேண்டும். இதைப் பயன்படுத்துபவரை ஒரு தடவைக்கு மேல் சந்திக்க முடியுமா? என் வரைவை அவர் கையில் கொடுத்துச் சோதிக்க முடியுமா? நான் சொல்வதைக் கேட்டு மாற்றம் செய்யும் அதிகாரம் உள்ள ஒருவரிடமாவது இதைக் காட்ட முடியுமா? மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றாலும் பயிற்சி வேலையாகச் செய்யலாம். முதலிரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் வேறு வேலையைத் தேடுங்கள்.

ஒரு தொகுப்புக்கு மூன்று அல்லது நான்கு கேஸ் ஸ்டடி போதும். அவை ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கட்டும். பலகை ஒன்று, அச்சு வேலை ஒன்று, திரையில் இயங்குவது ஒன்று என்று அமைந்தால் உங்கள் கை எந்தெந்தப் பக்கம் போகும் என்பது தெரியும்.

இனி இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைத் தொடர்வோம்: ஊர்காவற்றுறை இறங்குதுறையில் படகு நேரங்களைத் தெரிவிக்கும் பலகை. இது பாடத்துக்காக அமைத்துக்கொண்ட வேலை. இதில் வரும் உரையாடலும் எண்களும் மாதிரிகள்தாம். உங்கள் கேஸ் ஸ்டடியில் நீங்களே நின்று பார்த்தது மட்டும் வர வேண்டும்.

களத்தில் கேட்பது

கணினியைத் திறக்குமுன் இறங்குதுறையில் போய் நில்லுங்கள். வேலை நாள் காலை ஒன்று, விடுமுறை நாள் ஒன்று, மாலை ஒன்று என்று வெவ்வேறு பொழுதுகளில் போங்கள். அனலைதீவுப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியர் கேட்கும் கேள்வி வேறு. மருந்தெடுக்க வந்து திரும்பும் தாய் கேட்பது வேறு. முதல் தடவை வரும் வெளியூர்க்காரர் கேட்பது வேறு. கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: யார், என்ன செய்தார், யாரிடம் என்ன கேட்டார். உங்கள் கருத்தை அந்தக் கொப்பியில் எழுதாதீர்கள். அது பிறகு வரட்டும்.

கேள்வி கேட்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. “அம்மா, இந்தப் பலகை நல்லா இருக்கோ?” என்று கேட்டால், “ஓம் தம்பி, நல்லாத்தான் இருக்கு” என்றுதான் பதில் வரும். பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்ற அன்பு அது. டிசைனுக்கு உதவாது. கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள்.

“கடைசியாப் போட் தவறினது எப்ப அம்மா? அண்டைக்கு என்ன நடந்தது?”

இப்படி ஒரு பதில் வரக்கூடும்: “அது போன கிழமை, தம்பி. எட்டு மணிக்கெண்டு போட்டிருந்திச்சு. வந்து பாத்தா, சோளகம் பலமெண்டு விடேல்லையாம். ஒருத்தரும் சொல்லேல்லை. இருந்து பாத்திட்டுத் திரும்பி வந்தன்.”

இந்த ஒரு பதிலில் உங்கள் வேலையே திசை மாறுகிறது. எழுத்து சிறியதா, நிறம் மங்கலா என்று யோசித்துக்கொண்டு போனீர்கள். அந்த அம்மாவுக்கு எட்டு மணி என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. இன்றைக்குப் படகு ஓடுமா என்பதுதான் தெரியவில்லை. சிக்கல் இப்படி வேறொன்றாக மாறிய இடம் உங்கள் வேலையில் இருந்தால், கேஸ் ஸ்டடியின் நடுவில் வைக்க வேண்டியது அதைத்தான். தேடிப் பார்த்து ஒரு எண்ணத்தை மாற்றிக்கொண்டவர் என்று வாசிப்பவர் உங்களை நம்பத் தொடங்குவது அங்கேதான்.

ஏழு பகுதிகள்

ஒரு கேஸ் ஸ்டடியை இந்த ஒழுங்கில் எழுதுங்கள். மொத்தம் 600 முதல் 900 சொற்களும், எட்டு முதல் பன்னிரண்டு படங்களும் போதும்.

1. முகப்பு. நான்கு வரிகள்: என்ன வேலை, யாருக்காக, அதில் உங்கள் பங்கு, முடிவு. நேரமில்லாதவர் இந்த நான்கு வரியோடு போய்விடுவார். அவருக்கும் முழு விடயம் கிடைத்திருக்க வேண்டும். முடிவைக் கடைசிவரை ஒளித்துவைக்காதீர்கள்.

2. நிலைமை. நீங்கள் போகும்போது இருந்த நிலை. முன்பிருந்த பலகையின் படம் ஒன்று, மனிதர் அதன்முன் நிற்கும் படம் ஒன்று.

3. கட்டுப்பாடுகள். பணம், காலம், இடம், பொருள். இறங்குதுறைப் பலகைக்கு உப்புக்காற்றும் வெயிலும் கட்டுப்பாடுகள். அச்சடித்த பனர் சீக்கிரம் வெளிறும், இரும்புச் சட்டம் கறள் பிடிக்கும். தகவலை மாற்றுபவர் கணினி தெரிந்தவராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. கட்டுப்பாட்டைச் சொல்லாமல் முடிவைக் காட்டினால், ஏன் இவ்வளவு எளிமையாகச் செய்தார் என்ற சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

4. கண்டது. களத்தில் பார்த்தவற்றில் வேலையை மாற்றிய இரண்டு அல்லது மூன்று மட்டும். சேகரித்த எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம்.

5. தீர்மானங்கள். இதுதான் உடல். மொத்த நீளத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

6. முடிந்த வடிவம். பெரிய, தெளிவான படங்கள். பலகை என்றால் அது நிற்கும் இடத்தில், மனிதர் படிக்கும் தூரத்திலிருந்து எடுத்த படம்.

7. விளைவும் அடுத்ததும். என்ன மாறியது, எது இன்னும் சரியாகவில்லை, வாய்ப்புக் கிடைத்தால் அடுத்து எதைச் செய்வீர்கள்.

தீர்மானத்தை எழுதும் முறை

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நான்கு வாக்கியங்கள் வேண்டும். எதைத் தெரிவு செய்தேன். வேறு என்ன வழிகள் இருந்தன. ஏன் இது. இதனால் எதை இழந்தேன். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் இழக்காத தீர்மானம் என்று டிசைனில் கிடையாது. எதை விட்டுக்கொடுத்தோம் என்று தெரிந்து விட்டுக்கொடுத்தவரே தேர்ந்தவர்.

நம் எடுத்துக்காட்டில் மூன்று தீர்மானங்களைப் பார்ப்போம்.

*செயலியா, பலகையா.* போனில் பார்க்கும் செயலி ஒன்று செய்யலாம் என்பது முதலில் தோன்றும் வழி. அதை யார் நாளாந்தம் புதுப்பிப்பார் என்று கேட்டதும் அது விழுந்துவிடுகிறது. எனவே தெரிவு பலகைதான். அதன் மேற்பாதியில் நிலையான நேரங்கள் பெயின்ற்றில் எழுதப்படும். கீழ்ப்பாதி ‘இன்று’ என்ற தலைப்புடன், அழித்தெழுதும் கரும்பலகையாக இருக்கும். ஓடும், ஓடாது, பிந்தும் என்ற மூன்றில் ஒன்றையும் காரணத்தையும் ஊழியர் எழுதுவார். அதைப் போனில் படமெடுத்து, ஊரில் ஏற்கெனவே இருக்கும் வட்ஸ்அப் குழுக்களில் போடுவார். புதிதாக எவரும் எதையும் பழக வேண்டியதில்லை. இழப்பு: ஊழியர் எழுதாத நாளில் பலகை பழைய செய்தியைச் சொல்லும். அதற்காக ‘இன்று’ என்பதற்குப் பக்கத்தில் திகதிக்கும் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. திகதி பழையது என்றால் செய்தியும் பழையது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

*நேரப்படியா, ஊர்ப்படியா.* எல்லாப் படகுகளையும் நேர ஒழுங்கில் ஒரே நிரலில் போடலாம். ஊர் ஊராகப் பிரித்தும் போடலாம். வருபவருக்குத் தான் போகும் ஊர் ஏற்கெனவே தெரியும், தேடுவது நேரத்தை. எனவே ஊர்ப்படி பிரிப்பதே தேடலைக் குறைக்கும். இழப்பு: அடுத்து எது புறப்படுகிறது என்று முழுத் துறையையும் ஒரே பார்வையில் காண்பது ஊழியருக்குக் கடினமாகும்.

*வரைபடம்.* தீவுகளை அவற்றின் உண்மையான அமைப்பில் வரைந்தால், இறங்குதுறைகள் நெருங்கிப்போய் எழுத்துக்கு இடமிராது. லண்டன் சுரங்க ரயிலுக்கு ஹரி பெக் 1931இல் வரைந்து 1933இல் அச்சான வரைபடம், தூரத்தையும் திசையையும் விட்டுக்கொடுத்து எது எதோடு இணைகிறது என்பதை மட்டும் காட்டியது. அதே வழியில் துறைகளைப் புள்ளிகளாகவும் படகுப் பாதைகளை நேர்கோடுகளாகவும் காட்டலாம். இழப்பு: நடந்து போகும் தூரத்தை இதில் கணிக்க முடியாது. ஆகவே இதை வழிகாட்டும் படமாக எவரும் எடுத்துக்கொள்ளாதபடி, ‘படகுத் தொடுப்புகள்’ என்று தலைப்பிட வேண்டும்.

எழுதும் மொழியிலும் கவனம் வேண்டும். இரண்டு பத்திகளை ஒப்பிடுங்கள்.

பலவீனமானது: “பயனர்களின் தேவைகளை ஆழமாக ஆராய்ந்து, நவீனமும் எளிமையும் கலந்த தீர்வொன்றை உருவாக்கினேன்.”

உறுதியானது: “இரண்டு காலைகள் இறங்குதுறையில் நின்றேன். பலகையைப் பார்த்த 14 பேரில் 9 பேர், பார்த்த பிறகும் பக்கத்தில் நின்றவரிடம் ‘இண்டைக்கு ஓடுமோ’ என்று கேட்டார்கள். அதனால் நேர அட்டவணையைப் பின்னுக்கு வைத்துவிட்டு, ‘இன்று’ என்ற பகுதியை முதலில் வரைந்தேன்.”

முதற்பத்தியை எந்த வேலைக்கும் ஒட்டலாம். இரண்டாவதை அந்தத் துறையில் அந்தக் காலையில் நின்றவர் மட்டுமே எழுத முடியும். உங்கள் பத்தி ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

ஒரு கோட்டுக்கு ஒரு காரணம்

இந்திய ரூபாய்க் குறியீடு இதற்கு நல்ல பாடம். இந்திய அரசு நடத்திய போட்டிக்கு 3,000க்கும் மேற்பட்ட ஆக்கங்கள் வந்தன. ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தெரிவாயின. 2010 ஜூலை 15இல் உதயகுமார் வரைந்த குறியீடு ஏற்கப்பட்டது. தேவநாகரி ‘ர’வும், நெடுங்கோடு நீங்கிய ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் அதில் ஒன்றாகின்றன. மேற்கோடு தேவநாகரி எழுத்தின் தலைக்கோட்டை நினைவூட்டுகிறது. இரண்டு கிடைக்கோடுகள் சமன் குறியையும், இடைவெளியோடு சேர்ந்து மூவர்ணக் கொடியையும் குறிக்கின்றன. இத்தனை சிறிய வடிவத்தில் காரணமற்ற கோடு ஒன்றுமில்லை. ஒவ்வொரு காரணமும் ஒரு வாக்கியத்தில் அடங்குகிறது. அவர் மும்பை ஐஐடியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பொருள் தொடக்ககாலத் தமிழ் அச்செழுத்து என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம். பழைய எழுத்தை உற்றுப் பார்த்த கண், புதிய எழுத்தை வரைந்திருக்கிறது.

உங்கள் முடிந்த வடிவத்தின் மேல் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். வாக்கியம் வராத இடம் உங்கள் வேலையில் தீர்மானம் நடக்காத இடம். அதைத் திருத்துங்கள், அல்லது நீக்குங்கள்.

தமிழ் எழுத்தைக் கையாளுதல்

நம் தொகுப்புகளைப் பிற தொகுப்புகளிலிருந்து உயர்த்தக்கூடிய பகுதி இது. தமிழைச் சரியாக வைக்கத் தெரிந்த டிசைனருக்கு இங்கும் வெளிநாட்டிலும் தேவை உண்டு. தெரியும் என்பதைக் கேஸ் ஸ்டடியிலேயே காட்டுங்கள்.

- யாழ்ப்பாணத்துப் பழைய கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே இணையத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தோன்றும். யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள்.
- ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. ‘கீ’யின் சுழி மேலே போகும், ‘பு’வின் வால் கீழே இறங்கும். எழுத்தளவின் ஒன்றரை மடங்கில் தொடங்கிக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.
- தடித்த எழுத்தைச் சிறிய அளவில் வைத்தால் ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் உள்வெளி அடைபட்டுப்போகும். கைத்தொலைபேசியில் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.
- பெட்டிகளை ‘ஊர்காவற்றுறை’, ‘குறிகட்டுவான்’ போன்ற நீண்ட பெயர்களை வைத்தே அளவெடுங்கள். குறுகிய ஆங்கிலப் பெயருக்கு அளவெடுத்த பெட்டியில் தமிழை நெருக்கித் திணிப்பது நாம் எங்கும் காணும் பிழை.
- பலகை வேலையில் கடைப்பிடிக்கப்படும் பொதுக் கணக்கு: ஏறக்குறைய 3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் எழுத்துயரம். தமிழில் அந்த உயரத்தை எழுத்தின் நடு உடலுக்குக் கணக்கிடுங்கள், மேற்சுழியையும் கீழ்வாலையும் சேர்க்காதீர்கள்.
- திரையில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்பது உலக நியமம். பெரிய எழுத்துக்கு 3க்கு 1.
- நயினாதீவின் நாகதீப விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகரும் வெளிநாட்டவரும் இறங்குதுறைகளைப் பயன்படுத்துகிறார்கள். மூன்று மொழிகளுக்கும் இடம் வேண்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அந்தந்த மொழி தெரிந்தவரிடம் காட்டித் திருத்திய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.
- இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள் உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வரைந்த பவனம், கவிவனார், ஏக் டைப் குழுவின் முக்தா மலர் போன்றவை. எந்த எழுத்துருவை எடுத்தீர்கள், ஏன், வரைந்தவர் யார் என்று எழுதுங்கள்.

சோதனையும் விளைவும்

மட்டையில் முழு அளவில் வரைந்து சுவரில் மாட்டுங்கள். ஒருவரை அழைத்து ஒரு வேலை கொடுங்கள்: “அக்கா, இப்ப ஒன்பதரை எண்டு வையுங்கோ. எழுவைதீவுக்கு அடுத்தது எத்தினை மணிக்கு?” எவ்வளவு நேரம் எடுத்தார், சரியான விடை சொன்னாரா என்று குறியுங்கள். நடுவில் உதவாதீர்கள். விளங்கப்படுத்த உங்கள் வாய் துடிக்கும். அந்த விளக்கத்தைப் பலகைதான் தர வேண்டும்.

ஐந்து பேரோடு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேரும் ஒரே வயதினராக இருக்கக் கூடாது. கண்ணாடி போட்டவர், ஊருக்குப் புதியவர், பள்ளிப் பிள்ளை, தமிழ் வாசிக்காதவர் ஆகியோரும் அதில் இருக்கட்டும். ஐந்துபேர் சோதனையின் முடிவை நூற்றுவீதமாக எழுதாதீர்கள். “ஐவரில் நால்வர்” என்று எழுதுவதே நேர்மை.

பலகை உண்மையில் மாட்டப்பட்டால் ஒரு சோளகக் காற்றுக் காலம் கழித்துத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பெயின்ற் நிற்கிறதா, ‘இன்று’ பகுதியை எழுதுகிறார்களா, எழுதாவிட்டால் ஏன்? அந்த இரண்டாம் பார்வையைச் சேர்த்த கேஸ் ஸ்டடிக்குத் தனி மதிப்புண்டு. பெரும்பாலானவர்கள் கோப்பை அனுப்பியதோடு வேலையை மறந்துவிடுவார்கள்.

பலகை மாட்டப்படவில்லை என்றால் அதை முகப்பிலேயே சொல்லுங்கள்: “இது என் சுயமுயற்சி. அலுவலகம் கேட்டுச் செய்ததல்ல.” இதில் குறைவு ஒன்றுமில்லை. மாட்டப்பட்டதுபோல் கணினியில் படம் செய்து வைத்து, நேர்முகத்தில் கேட்கும்போது தடுமாறுவதுதான் குறைவு. கூட்டு வேலையில் ‘நாங்கள்’ எது, ‘நான்’ எது என்று பிரித்து எழுதுங்கள். படமெடுத்தவர், மொழிபெயர்த்தவர், பலகை எழுதியவர் ஆகியோருக்கு அவர்கள் விரும்பினால் பெயர் கொடுங்கள்.

படங்களில் முகம் தெரிபவரிடம் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளின் முகத்தைத் தவிருங்கள். நேர்காணல் தந்தவரின் பெயரையும் வீட்டையும் எழுத வேண்டாம், “அனலைதீவுக்குப் போய்வரும் ஆசிரியர் ஒருவர்” என்பது போதும். தீவகத் துறைகளில் கடற்படை நிலைகள் உண்டு. அவற்றைப் படத்தில் சேர்க்காதீர்கள்.

அனுப்புமுன் பார்க்க வேண்டியவை

- முதல் நான்கு வரிகளை மட்டும் படித்தவருக்கு வேலையும் முடிவும் விளங்குகிறதா?
- கைவிட்ட வரைவு ஒன்றாவது படத்துடன் இருக்கிறதா?
- ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு வரி இருக்கிறதா?
- ‘அழகான’, ‘நவீன’, ‘புதுமையான’ என்ற சொற்களை நீக்கினாலும் பத்தி நிற்கிறதா?
- ஒவ்வொரு எண்ணும் நீங்கள் நேரில் எண்ணியதா?
- பக்கம் சாதாரண போனில், மெதுவான இணைப்பிலும் திறக்கிறதா? படங்களின் அளவைக் குறைத்தீர்களா?
- பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் எழுத்து உடையாமல் வருகிறதா?

பயிற்சிகள்

1. உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில், மனிதர் ஒருவரையொருவர் வழிகேட்கும் அல்லது நேரம் கேட்கும் இடங்கள் மூன்றைக் குறியுங்கள். கேள்வி எழும் இடமெல்லாம் டிசைன் வேலை இருக்கும் இடம்.

2. அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்து, மூன்று நிரல் கொப்பியோடு வெவ்வேறு பொழுதுகளில் நில்லுங்கள். நடந்ததைக் கேட்கும் கேள்விகளை மட்டும் கேளுங்கள்.

3. கண்டவற்றில் உங்கள் முதல் எண்ணத்தை மாற்றிய ஒன்றை ஒரே பத்தியில் எழுதுங்கள். எதுவும் மாற்றவில்லை என்றால் இன்னொரு நாள் போய் நில்லுங்கள்.

4. மூன்று வரைவுகள் கீறி, ஒவ்வொன்றும் எதை இழக்கிறது என்று அடியில் எழுதுங்கள். பிறகுதான் கணினியைத் திறக்க வேண்டும்.

5. ஏழு பகுதிகளையும் எழுதி முடித்து, அந்த இடத்தை ஒருபோதும் பார்த்திராத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கு விடை கேஸ் ஸ்டடியில் இல்லை என்றால், அந்த விடைகளைச் சேர்த்த பிறகே அனுப்புங்கள்.